1968 பான்டியாக் ஜிடிஓ, 400 இன்ஜின்: 600, 750, 850 – எந்தக் கார்புரேட்டரை வாங்குவது?

கேள்வி – மிச்சிகன்வாசி

அனைவருக்கும் வணக்கம். டிட்ராய்டுக்கு வடக்கே டிராய் நகரில் வசிக்கிறேன். சென்ற இலையுதிர் காலத்தில், ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரிடமிருந்து 1968ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ ஒன்றை வாங்கினேன். 400 கன அங்குல இன்ஜின், மூன்று வேக டர்போ ஹைட்ரமேட்டிக் 400 ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி, பின் அச்சு விகிதம் 3.23. இன்ஜினைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பிரித்துக் கோத்ததாகவும், கேம்ஷாஃப்ட் தொழிற்சாலை அளவிலானதே என்றும் அவர் சொன்னார். காற்று-பெட்ரோல் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் வார்ப்பிரும்பு இன்டேக் மேனிஃபோல்டும் மாற்றப்படவில்லை. அதன் மேல், அந்தக் கலவையை உண்டாக்கும் கார்புரேட்டராக ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் ஒன்று இருக்கிறது.

வண்டியின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து நாள் நிறுத்திவைத்தால், ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்றினால்தான் இன்ஜின் பிடிக்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது மெதுவாக மிதித்தால் குறையேதும் தெரிவதில்லை. சட்டென்று மிதித்தால் ஒரு விநாடி மூச்சு நின்றதுபோல் திணறி, அதன் பிறகே இழுக்கிறது. குளிரில் காற்றைக் குறைத்து இன்ஜின் பிடிக்க உதவும் சோக் மடலை யாரோ கம்பியால் கட்டித் திறந்தே வைத்திருப்பதால், குளிர்ந்த காலையில் பத்து நிமிடம் ஆக்சிலரேட்டரில் காலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. சூடான வண்டியைக் கராஜில் விட்டால் பெட்ரோல் வாடை வீட்டுக்குள் வரை வருகிறது. பெட்ரோல் பம்பிலிருந்து வரும் இரும்புக் குழாயைப் பாதியில் வெட்டி, ஒரு ரப்பர் குழாயை வளைத்துக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் செருகியிருக்கிறார்கள்.

அருகிலுள்ள பணிமனையில் காட்டினேன். பிரித்துப் பார்க்காமலேயே, பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய 750 (சிஎஃப்எம் என்ற காற்றோட்ட அளவு) ஒன்றைப் போடுங்கள் என்றார்கள். அலுவலக நண்பர் 600 போதும் என்கிறார். காணொளிகளில் பார்த்தால் 850க்குக் கீழே எதையும் மதிப்பதாகத் தெரியவில்லை. நான் பந்தயத்துக்குப் போகிறவன் அல்லன். வார இறுதியில் மனைவி, பிள்ளைகளோடு ஓட்ட வேண்டும், ஆகஸ்டில் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலமான உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் கார்புரேட்டரை இதுவரை திறந்ததில்லை. எதை வாங்கலாம்?

பதில் – பழையஇரும்பு

நண்பருக்கு வாழ்த்துகள், நல்ல வண்டி. 1968 ஜிடிஓவின் அடிப்படை 400 இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் 350 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டு வந்தது. அந்தச் சுழற்சி எண்ணை நினைவில் வையுங்கள், கணக்குக்கு வேண்டும்.

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கும் என்பதுதான் சிஎஃப்எம். கன அங்குலக் கொள்ளளவைச் சுழற்சியால் பெருக்கி, 3,456 ஆல் வகுக்க வேண்டும். ஒரு கன அடியில் 1,728 கன அங்குலம் இருப்பதாலும், நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் சிலிண்டரை நிரப்புவதாலும் அந்த வகுஎண் வருகிறது. உங்களுடைய 400ஐ 5,000 ஆல் பெருக்கி வகுத்தால் ஏறத்தாழ 579. சிலிண்டர் ஒருபோதும் முழுதாக நிரம்புவதில்லை. தெருவில் ஓடும் இன்ஜினுக்கு நூற்றுக்கு 85 என்று வைத்துக்கொண்டால் 492 சிஎஃப்எம். ஆகவே உங்கள் அலுவலக நண்பர் சொன்ன 600, கணக்குப்படி தாராளம்.

ஆனால் பான்டியாக் பொறியாளர்கள் இதே இன்ஜினின் மேல் வைத்த குவாட்ராஜெட் 750 வகை. கணக்குத் தெரியாமலா வைத்தார்கள்? இல்லை. பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துக் கார்புரேட்டர் வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கார்புரேட்டரின் தொண்டையில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் பெட்ரோலைக் கிண்ணத்திலிருந்து உறிஞ்சித் துளித்துளியாகச் சிதறடிக்கிறது. தொண்டை அகன்றிருந்தால், குறைந்த சுழற்சியில் காற்று சோம்பலாக நகரும். பெட்ரோல் சரியாக எழாது, எழுந்தாலும் சிதறாது. உங்கள் வண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 2,000 சுழற்சிக்கு அக்கம்பக்கத்தில்தான் கழிக்கப்போகிறது. அங்கே த்ராட்டில் (ஆக்சிலரேட்டரால் திறக்கும் காற்றுத் தட்டு) முழுதாகத் திறந்திருந்தாலே 231 சிஎஃப்எம்முக்கு மேல் தேவையில்லை; நடைமுறையில் த்ராட்டில் கால்வாசி கூடத் திறந்திருக்காது என்பதால், அதிலும் ஒரு சிறு பங்குதான் உள்ளே போகும். அந்தச் சிறு பங்கை யார் நன்றாகக் கையாள்கிறார்கள் என்பதே கேள்வி.

குவாட்ராஜெட்டில் முன்பக்கத்து இரு தொண்டைகளின் த்ராட்டில் விட்டம் 1⅜ அங்குலம்தான். பின்பக்கத்தவை 2¼ அங்குலம். அன்றாட ஓட்டத்துக்கு முன்னிரண்டு மட்டும் வேலை செய்யும். காலை முழுதாக அழுத்தினால் பின்னிரண்டின் த்ராட்டில் தட்டுகள் திறக்கும். ஆனால் அவற்றுக்கு மேலே இன்னொரு மடல், ஏர் வால்வு, சுருள்வில்லின் பிடியில் இருக்கிறது. இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்கு மட்டுமே அந்த மடல் வழிவிடும். 492 கேட்டால் 492 கொடுக்கும். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளும். 750 என்பது அதன் உச்ச வரம்பு, அன்றாடப் படியளப்பு அல்ல.

எனவே 600ஆ, 750ஆ, 850ஆ என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, இப்போது இருப்பதைச் சோதியுங்கள். மூன்றே சோதனைகள், எதற்கும் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்ட்டரைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் முன் தொண்டைகளுக்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் திறங்கள். நெம்புகோல் அசைந்த அந்தக் கணமே இரண்டு மெல்லிய பெட்ரோல் பீச்சுகள் தெரிய வேண்டும். தாமதமாக வந்தாலோ, சொட்டினாலோ, சட்டென்று மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீச்சும் ஆக்சிலரேட்டர் பம்பின் வாஷர் இறுகிப்போயிருக்கிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு முன் காலத்துத் தோல் வாஷர்கள் தாங்குவதில்லை. கோயம்புத்தூரில் என் மாமாவின் பட்டறையில், ஃபியட் வண்டியின் சோலெக்ஸ் கார்புரேட்டரைக் காட்டி எனக்குப் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொடுத்த சோதனை இது. நாடும் வண்டியும் மாறின, சோதனை மாறவில்லை.

அடுத்து, பக்கத்தில் சிறு கிண்ணம்போல் இருக்கும் வேக்குவம் (இன்ஜினின் உறிஞ்சு விசை) டயஃப்ரத்தின் தண்டை விரலால் உள்ளே தள்ளி, அதன் ரப்பர் குழாய் முனையை இன்னொரு விரலால் அடைத்துவிட்டுத் தண்டை விடுங்கள். பத்து விநாடியாவது அது உள்ளேயே நிற்க வேண்டும். உடனே வெளியே வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஏர் வால்வு தடாலென்று திறக்காமல் பிடித்துவைப்பது அந்த டயஃப்ரம்தான். அது போனால், காலை முழுதாக மிதிக்கும்போது பெட்ரோலுக்கு முன்பே காற்று நுழைந்து இன்ஜின் மூச்சு முட்டும்.

கடைசியாக, ஓட்டுநர் பக்கத்து உடலில் செங்குத்தாகக் கொத்தப்பட்டிருக்கும் ஏழு இலக்க எண்ணைத் துடைத்துப் படித்து இங்கே எழுதுங்கள். பக்கவாட்டில் செருகிய ரப்பர் குழாய் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். அதற்கிடையே, சூடான இன்ஜினின் மேல் வளைந்து கிடக்கும் அந்தக் குழாயை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள்.

பதில் – இரட்டைபம்ப்

ஹாலி நிறுவனத்தின் 850 டபுள் பம்பர் வாங்கலாமா என்று யாரும் கேட்குமுன், வாங்கியவன் என்ற முறையில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 350 இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியும் கொண்ட ஷெவெல். டபுள் பம்பரில் பின் தொண்டைகள் காலின் அசைவோடு நேரடியாகத் திறக்கும். குவாட்ராஜெட்டில் இருப்பதுபோல் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல நடுவில் எதுவும் இல்லை. அந்தத் திடீர்க் காற்றை ஈடுகட்டத்தான் பின்பக்கத்துக்கும் ஓர் ஆக்சிலரேட்டர் பம்பை வைத்திருக்கிறார்கள். மேனுவல் கியரும், 4.10 போன்ற குட்டையான அச்சு விகிதமும், மேல் சுழற்சிக்கென்று வெட்டிய கேமும் இருந்தால் அது இனிக்கும். என் வண்டியிலோ ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு தும்மல், அதன் பிறகு கறுப்புப் புகை. ஸ்பார்க் பிளக்குகள் இரு வாரத்தில் கரி பிடித்தன. குறை கார்புரேட்டரிடம் இல்லை, வாங்கியவனிடம்.

அதை விற்றுவிட்டு ஹாலியிலேயே 4160 குடும்பத்தைச் சேர்ந்த, வேக்குவத்தால் பின்பக்கம் திறக்கும் 600க்கு வந்தேன். பின்பக்கத்தை எப்போது திறப்பது என்பதை இன்ஜினின் காற்றோட்டமே முடிவு செய்கிறது. அந்த டயஃப்ரத்துக்குள் இருக்கும் சுருள்வில்லை மாற்றி, சற்று முன்னதாகவோ தாமதமாகவோ திறக்க வைக்கலாம். வில்லுக்கு வில் நிறம் வேறு; வெள்ளைதான் மிக இளகியது, கறுப்புதான் மிக விறைப்பானது. பாரம் கூடும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வைத் தேர்ந்தெடுக்கும்போது, வண்டியை டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்தபடி ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலை) வேக்குவத்தைப் படித்து, அதில் பாதியளவு எண்ணைக் கொண்ட வால்வைப் போட்டேன். எனக்கு 13 அங்குலப் பாதரசம் காட்டியதால் 6.5.

ஆனால் உங்கள் மேனிஃபோல்ட் குவாட்ராஜெட்டுக்கென்று முன் துளை சிறிதும் பின் துளை பெரிதுமாக வார்த்தது. என்னுடைய 4160இல் நான்கு துளைகளும் ஒரே அளவு. அதை உங்கள் மேனிஃபோல்டின் மேல் நேரடியாக உட்கார வைக்க முடியாது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பதில் – ஞாயிறுஓட்டி

பழையஇரும்பு ஐயாவின் விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. முடிவில்தான் சற்று மாறுபடுகிறேன். குவாட்ராஜெட்டைச் சரியாகப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். தெரியாதவர்கள் கை வைத்ததால்தான் அதற்குக் குவாட்ராஜங்க் என்ற பட்டப்பெயரே வந்தது. கேள்வி கேட்டவர் இதுவரை கார்புரேட்டரைத் திறந்ததில்லை என்கிறார். அவருக்கு எடல்ப்ராக் நிறுவனத்தின் கார்புரேட்டர் பொருந்தும் என்பது என் கருத்து.

என்னுடைய 1967 கூகரில் எடல்ப்ராக் 1406 பத்து ஆண்டுகளாக இருக்கிறது. 600 சிஎஃப்எம், மின்சார சோக். அடிப்படையில் அது 1957இல் வந்த கார்ட்டர் ஏஎஃப்பியின் வாரிசு. அந்தக் காலத்துப் பொறியாளர்கள் நிறைய யோசித்து எளிமையாக்கிய வடிவம். மேலே இரண்டு சிறு மூடிகளின் திருகைத் தளர்த்தினால் மீட்டரிங் ராடுகள் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசிகள்) கையோடு வந்துவிடும். கலவையை மாற்ற, இன்ஜின் சூட்டோடு இருக்கும்போதே ஐந்து நிமிடம் போதும். ஒரு சொட்டு பெட்ரோல் சிந்தாது. ஹாலியில் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) மாற்றுவதென்றால் கிண்ணத்தைக் கழற்றிக் கீழே துணி விரிக்க வேண்டும்.

குறைகளையும் மறைக்கவில்லை. 1406 சிக்கனத்துக்காகச் சற்றே லீனாக (பெட்ரோல் குறைவான கலவையாக) வரும். எத்தனால் 10 விழுக்காடு கலந்த பெட்ரோலில் அது இன்னும் லீனாகிவிடும். நான் ராடு மாற்றிய பிறகுதான் நெடுஞ்சாலையில் விட்டுவிட்டு இழுப்பது நின்றது. பெட்ரோல் அழுத்தம் 6.5 பிஎஸ்ஐக்கு மேல் போனால் மிதவையின் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் நிரம்பி வழியும். மின்சார சோக்குக்கு முழு 12 வோல்ட் வேண்டும், அதுவும் சாவியைத் திருப்பியபின் மட்டும். அவசரத்துக்கு இக்னிஷன் காயிலின் நேர்முனையிலிருந்து எடுப்பவர்கள் உண்டு, அங்கே ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த மின்னழுத்தமே வருவதால் சோக் திறக்காமல் இழுத்தடிக்கும், இக்னிஷனும் பலவீனப்படும்.

துளைப் பொருத்தத்துக்கு அடாப்டர் தகடு கிடைக்கிறது. அதன் உயரத்தால் ஏர் ஃபில்ட்டர் பானெட்டில் இடிக்கிறதா என்பதை, ஃபில்ட்டர் மூடியின் மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மூடித் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அலுமினிய மேனிஃபோல்ட் ஒன்றை வாங்கி மொத்தமாக மாற்றிவிடலாம்.

பதில் – பழையஇரும்பு

ஞாயிறுஓட்டி அவர்கள் சொன்ன களிமண் யோசனை அருமை. மேனிஃபோல்டை மொத்தமாக மாற்றும் யோசனைக்கு மட்டும் ஒரு தடை சொல்கிறேன். பான்டியாக் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் எடையைத் தவிர வேறெதிலும் குறைந்ததல்ல. அதைக் கழற்றினால், முன்பக்கத்தில் டைமிங் கவரோடு அது சேரும் தண்ணீர் வழியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது, முதலில் அந்த நீண்ட போல்ட்டை முடுக்கி மேனிஃபோல்டை டைமிங் கவரோடு இழுத்துச் சேர்த்துவிட்டு, அதன் பிறகே மற்ற போல்ட்டுகளை முடுக்க வேண்டும். வரிசை மாறினால் கூலன்ட் கசியும். கார்புரேட்டரைச் சரிசெய்யப் போனவர் ரேடியேட்டரை நிரப்பிக்கொண்டு நிற்பார்.

கேட்டவர் – மிச்சிகன்வாசி

மூன்று சோதனைகளையும் சனிக்கிழமை செய்தேன். ஒரு பீச்சு தாமதமாக வந்தது. இன்னொன்று வரவே இல்லை, ஒரு துளி மட்டும் விளிம்பில் தொங்கியது. டயஃப்ரத்தின் தண்டு நான் விரலை எடுக்குமுன்பே வெளியே வந்துவிட்டது. எண்ணின் மேல் இருந்த கறுப்புப் பிசினை பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்த பிறகு தெரிந்தது: 7029203.

பதில் – பழையஇரும்பு

சந்தேகம் தீர்ந்தது. உங்கள் ஜிடிஓவின் தலையில் இருப்பது செவ்ரோலெ கார்புரேட்டர்.

7029 என்ற தொடக்கம் 1969ஆம் ஆண்டைக் காட்டுகிறது. ஆறாவது இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ இருந்தால் செவ்ரோலெ. பான்டியாக் என்றால் அங்கே 6 அல்லது 7 இருக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் பெரும்பாலும் மேனுவல் கியர், இரட்டைப்படை என்றால் ஆட்டோமேட்டிக். ஆக, வேறொரு வண்டியின் மேனுவல் கியருக்காக அளந்து வைத்த கார்புரேட்டர் உங்களிடம் இருக்கிறது. செவ்ரோலெ வகையில் பெட்ரோல் குழாய் பக்கவாட்டில் நுழையும்; பான்டியாக், ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல் வகைகளில் நேர் முன்னாலிருந்து நுழையும். அதனால்தான் இரும்புக் குழாயை வெட்டி ரப்பரை வளைத்திருக்கிறார்கள். உங்கள் மேனிஃபோல்டில் பதிந்து, சூட்டுக்கேற்ப சோக்கைத் திறக்கும் சோக் சுருளின் இணைப்புக் கம்பியும் இதற்குப் பொருந்தியிருக்காது. பொருந்தாததைக் கம்பியால் கட்டிவிட்டு அவர்கள் வேலையை முடித்துக்கொண்டார்கள்.

இதையே பழுதுபார்த்து, ஜெட்டும் ராடும் மாற்றி ஓட்டவும் வழியுண்டு. ஆனால் பிரித்துக் கோக்கும் உழைப்பு எப்படியும் ஒன்றுதான் என்பதால், 7028இல் தொடங்கி, ஆறாவது இலக்கம் 6 அல்லது 7 ஆகவும், கடைசி இலக்கம் இரட்டைப்படையாகவும் உள்ள பழைய கார்புரேட்டர் ஒன்றைத் தேடுங்கள். பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும். வாங்குமுன் த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். முன்பக்கத் தண்டு லொடலொடவென்று ஆடினால், புஷ் போடும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

பிரிக்கும்போது மேல் மூடியில் ஒன்பது திருகுகள். ஏழு கண்ணுக்குத் தெரியும். மீதி இரண்டு முன் தொண்டைகளுக்குள், தொண்டையின் குறுகிய பகுதியான வென்சுரியின் பக்கத்தில் குழிக்குள் பதுங்கியிருக்கும். அவற்றைக் கவனிக்காமல் திருப்புளியால் நெம்பி மூடியை உடைத்தவர்கள் பலர். கறுப்பு நுரை மிதவையை மறுபடி பயன்படுத்தாதீர்கள்; ஆண்டுக்கணக்கில் பெட்ரோலை ஊறி அது கனத்திருக்கும், கனத்த மிதவை கிண்ணத்தை அளவுக்கு மேல் நிரப்பும். கராஜ் வாடைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உடலின் அடியில் உள்ள சிறு அடைப்பான்கள் நாளடைவில் கசியும். நிறுத்திய வண்டியின் கிண்ணம் காலியாகி, நீங்கள் சொன்ன நெடுநேரச் சுழற்றலுக்கு வழிவகுப்பது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். பெட்ரோலைத் தாங்கும் எபாக்ஸியால் அவற்றை மூடி, ஒரு நாள் காயவிட்டு, கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, உலர்ந்த காகிதத்தின் மேல் இரவு முழுதும் வைத்துப் பாருங்கள். காலையில் காகிதத்தில் கறை இருக்கக்கூடாது. மேனிஃபோல்டில் மாட்டும்போது முன்பக்கத்து நீளமான போல்ட்டுகளை ஆத்திரத்தோடு முடுக்காதீர்கள். மேல் மூடி வளைந்துவிடும்.

மாட்டிய பின், கலவைத் திருகில் கை வைக்குமுன் இக்னிஷனைப் பாருங்கள். பாயின்ட் டுவெல் (இக்னிஷன் பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரிக்குச் சரியாக இருக்கிறதா, வேக்குவம் அட்வான்ஸ் (வேக்குவத்துக்கேற்பத் தீப்பொறியை முன்னதாக்கும் அமைப்பு) வேலை செய்கிறதா என்பவை முதலில். நீங்கள் உட்வர்ட் அவென்யூவில் ஓட்டப்போவதால் ஒரு செய்தி. அதே சாலையை ஒட்டிய ராயல் ஓக்கில் இருந்த ராயல் பான்டியாக் என்ற விற்பனையாளர்கள், அறுபதுகளில் ஜிடிஓக்களுக்குப் பாப்கேட் என்ற பெயரில் ஒரு தொகுப்பைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதில் பெரிய கார்புரேட்டர் என்று எதுவும் இல்லை. ஜெட்டுகளை மாற்றினார்கள், டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸைத் திருத்தினார்கள், மெல்லிய ஹெட் கேஸ்கட் போட்டார்கள். அந்த வண்டிகள் பத்திரிகைச் சோதனைகளில் எடுத்த பெயர் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பதில் – ஞாயிறுஓட்டி

எண்ணைப் பார்த்த பிறகு என் வாதத்தை ஓரளவு பின்வாங்கிக்கொள்கிறேன். இருந்தாலும், பொருத்தமான பான்டியாக் கார்புரேட்டர் ஜூலைக்குள் அகப்படாவிட்டால் ட்ரீம் க்ரூஸைத் தவறவிடாதீர்கள். எடல்ப்ராக்கும் அடாப்டரும் ஒரே நாள் வேலை. உங்களுடைய டர்போ 400இல் கிக்டவுனுக்கு (முழுதாக மிதித்தால் கியர் கீழிறங்குவதற்கு) மின்சார சுவிட்ச்தான் இருக்கிறது. டர்போ 350, 700ஆர்4 வைத்திருப்பவர்களைப் போல் கேபிளின் கோணத்தை அளந்துகொண்டிருக்க வேண்டிய தொல்லை உங்களுக்கு இல்லை.

கேட்டவர் – மிச்சிகன்வாசி

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். மே மாத இறுதியில் ஒரு சந்தையில், மழைநீர் தேங்கிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்து ஒன்று கிடைத்தது. 7028இல் தொடக்கம், ஆறாவது இலக்கம் 6, கடைசி இலக்கம் 8. தண்டு ஆடவில்லை. ஏர் வால்வு மட்டும் துருவில் இறுகியிருந்தது. இரண்டு நாள் ஊறவைத்த பின் அசைந்தது.

பதுங்கியிருக்கும் இரண்டு திருகுகளைப் பற்றிப் படித்திராவிட்டால் நானும் நெம்பியிருப்பேன். அவற்றில் ஒன்றின் தலை ஏற்கெனவே சிதைந்திருந்தது. எனக்கு முன்பு யாரோ முயன்றிருக்கிறார்கள். காகிதச் சோதனையில் முதல் இரவு நாணய அளவில் கறை. மறுபடி எபாக்ஸி போட்டேன்; இரண்டாம் இரவு காகிதம் உலர்ந்தே இருந்தது. பம்பிலிருந்து நேராக வரும்படி வளைத்த புதிய இரும்புக் குழாயை வாங்கி மாட்டினேன். மேனிஃபோல்டில் இருந்த சோக் சுருள் இன்னும் நன்றாகவே இருந்தது. அதன் கம்பி புதிய கார்புரேட்டரின் நெம்புகோலில் தானாகப் போய் உட்கார்ந்தபோது, 1968இல் அதை வடிவமைத்தவரோடு கைகுலுக்கியதுபோல் இருந்தது.

இக்னிஷனைப் பார்க்கச் சொன்னதும் வீண்போகவில்லை. வேக்குவம் அட்வான்ஸ் குழாயில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. அதை மாற்றியதில் ஐடில் வேக்குவம் 19 அங்குலத்தில் அசையாமல் நிற்கிறது.

இப்போது ஒரு வாரம் நிறுத்திவைத்தாலும் ஓரிரு சுற்றில் பிடித்துக்கொள்கிறது. சட்டென்று மிதித்தால் திணறல் இல்லை. முழுதாக அழுத்தும்போது மட்டும், பின் தொண்டைகள் திறக்கும் இடத்தில் கடுகளவு தயக்கம் தெரிகிறது. ஏர் வால்வு சுருள்வில்லை இப்போது, தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று இறுக்கியிருக்கிறேன். இன்னும் இறுக்கலாமா?

பதில் – பழையஇரும்பு

எட்டில் ஒரு சுற்று இறுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தயக்கம் போகவில்லையென்றால் இன்னொரு எட்டில் ஒன்று. முக்கால் சுற்றைத் தாண்ட வேண்டிய நிலை வந்தால் வில்லை விட்டுவிட்டு டயஃப்ரத்தை மறுபடி சோதியுங்கள். பக்கத்திலுள்ள பூட்டுத் திருகைத் தளர்த்தும்போது, வில்லின் திருகைத் திருப்புளியால் பிடித்துக்கொள்ள மறக்காதீர்கள்; கை நழுவினால் வில் முழுதாக அவிழ்ந்துவிடும், மறுபடி தொட்ட இடத்திலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.